மாந்தளிர் நிறம்

காந்தி ரோட்டு மேட்சிங் சென்டர் வாசலில் தேவேந்திரனின் செருப்பைப் பார்த்ததும் யூனிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாட்டிக்கொண்டான்!

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸை விட்டு நழுவுகிறவன் எங்கேதான் போகிறான் பார்ப்போம் என்று இன்று பின்னாலேயே வந்துவிட்டாள். வந்தால், புடவைக்கு ஜாக்கெட் துணி எடுக்கிற கடை. வெப்சைட் டிசைன் பண்ணுகிற ஆம்பிளைக்கு இங்கே என்ன வேலை?

பக்கத்து நாற்காலிக்காரன் அவன். அவன் வந்து சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு வயிறு எரிகிறது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நன்றாகவே எரிகிறது.

இவள் டிசைனைக் காட்டினால் முதலாளி கோபிகிருஷ்ணன் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அவன் காட்டினால் எழுந்தே நின்றுவிடுவார். "ஏம் கலர்ரா, தேவா! ஏம் கலர்!" என்று தெலுங்கில் 'என்ன கலர்டா!' என வாயைப் பிளப்பார்.

அவள் என்ன சும்மாவா இருக்கிறாள்? பரிசு வாங்கிய வெப்சைட்டுகளையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறாள். எந்த நிறத்தோடு எது சேரும் என்று சொல்லும் தளங்கள், எழுத்துருக்கள், டெம்ப்ளேட்டுகள், எவனோ அமெரிக்காக்காரன் எடுக்கும் வகுப்பு என்று ஒன்றையும் விடவில்லை. சித்தூரில் பஸ் ஏறினால் திருப்பதியில் இறங்கும்வரை போனில் அதே வேலை.

அதே பஸ்ஸில் அவனும்தான் வருகிறான். பார்ப்பது கிரிக்கெட் ஸ்கோர்.

ஒரு நாள் அவன் டீ குடிக்கப் போன சமயம் அவன் கம்ப்யூட்டரைக் குடைந்தும் பார்த்துவிட்டாள். சேமித்து வைத்தது ஒன்றுகூட இல்லை. ஒரு மண்ணும் இல்லை. அப்புறம் எங்கிருந்துதான் வருகிறது அந்தக் கலர்?

நாளைக்கு மாம்பழக்கூழ் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் யாருடைய டிசைனை எடுக்கிறார்களோ அவர்தான் இனிமேல் டிசைன் டீமுக்குத் தலைமை. முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இவனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பதற்குப் பதில் சித்தூரிலேயே டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

உள்ளே போனாள்.

தேவேந்திரன் கவுண்டர் முன்னால் நின்றிருந்தான். கடைக்காரப் பத்மாவதி அக்கா மூன்று துணிகளை ஓரம் தெரிய ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, "இந்தா தேவா, உன் மாம்பழக் கம்பெனிக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு கல்யாணக் கூட்டத்தைக் கவனிக்க அந்தப் பக்கம் போனாள்.

யூனிஸ் துணிகளைப் பார்த்தாள்.

மாந்தளிர் நிறத்தில் ஒன்று. மாங்காய்ப் பச்சையில் ஒன்று. நடுவே பாலாடை மாதிரி ஒரு வெளுப்பு. மாம்பழத்துக்கு மஞ்சளே இல்லை! அவள் தன் டிசைனில் போட்டு வைத்திருந்ததோ மஞ்சளுக்கு மேல் மஞ்சள். ஆண்டவரே, இது நமக்குத் தோன்றவில்லையே!

"அட, யூனிஸ்!" அவன் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "ஆபீஸ்ல யாருக்கும் சொல்லாத. எனக்கு செவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். பொறந்ததுலேர்ந்தே அப்படி. எங்க ஊரு வெதுருகுப்பத்துல நைனா தக்காளி பறிக்கச் சொன்னா, காயெல்லாம் பறிச்சிக்கினு வந்து நிப்பேன். தோட்டத்துப் பக்கமே வராதடான்னு துரத்தி வுட்டாரு."

சிரித்தான்.

"அக்கா சேத்துக் குடுக்கறத போட்டோ எடுத்துக்கினு போயி, கம்ப்யூட்டர் காட்டற கலர் நம்பர அப்படியே போட்டுடுவேன். அவ்ளோதான் நம்ம வித்தை."

யூனிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்த கோபத்தில் காது சுட்டது. நிறமே தெரியாதவனிடமா இத்தனை நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தாள்?

"அக்கா நல்லாதான் சேப்பாங்க. ஆனா நாளைக்குப் பெரிய பார்ட்டி, ஒதறலா கீது. நீ கலருக்காக எவ்ளோ பாடுபடறன்னு நானும் பஸ்ல பாத்துக்கினுதான வரேன். சொல்லு, நல்லா கீதா?"

அவள் இன்னொரு தடவை துணிகளைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"நல்லாவே இல்ல" என்றாள். "வெத்தல துப்பின மாதிரி கீது."

அவன் முகம் வாடிவிட்டது. யூனிஸ் பக்கத்து அடுக்கிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு துணியையும் கிளிப்பச்சையில் ஒன்றையும் உருவி அவன் முன்னால் போட்டாள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொள்வான்.

"இத எடுத்துக்க. மாம்பழத்துக்கு எடுப்பா இருக்கும்."

அவன் உடனே போட்டோ எடுத்துக்கொண்டான். "நல்லவேள நீ வந்த யூனிஸ், இல்லன்னா நாளைக்கு என் மானம் போயிருக்கும்" என்று சொல்லி, அக்காவுக்குத் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

பத்மாவதி அக்கா திரும்பி வந்து துணிகளை மடிக்கக் கை வைத்தாள்.

"என்னம்மா, தேவா இத எடுக்கலியா?"

"அவருக்குப் பிடிக்கலையாம் அக்கா."

அக்காவின் கை நின்றது. "பிடிக்கலன்னு அவனா சொன்னான்?"

யூனிஸ் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"மடிக்காதீங்க அக்கா. வெளிச்சத்துக்கு இப்படிக் கொஞ்சம் தள்ளி வைங்க."