கரண்டி பிடித்த கை

அது தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா என்று லட்சுமம்மாவுக்கு இப்போது சரியாக நினைவில்லை. மகன் சம்பத் தங்கள் வீட்டுக் கதையையே படமாக எடுத்திருந்தான். முதல் காட்சிக்கு, ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் குடியிருந்த தெருவே தியேட்டருக்கு வந்திருந்தது.

"அந்தக் கரண்டி சீனை வெச்சிருக்கானாங்க?" என்று புருஷனிடம் கிசுகிசுத்தாள்.

"வெச்சிருக்கான். பேசாம பாரு" என்றார் முனிகிருஷ்ணன்.

"தெருவே பாக்குதே! வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். அது இல்லாம படமே இல்லன்னுட்டான்."

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போனதற்காக, சின்ன வயதில் சம்பத்தின் கையில் விழுந்த சூடு அது. தழும்பு இன்னும் இருக்கிறது.

திரையில் அடுப்பு எரிந்தது. கரண்டி சிவந்தது. லட்சுமம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பையன் அலறினான்.

"அடப்பாவி மனுஷா! பெத்த அப்பனா நீ?" என்று பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு மரகதம் கத்தினாள்.

லட்சுமம்மா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். திரையில் கரண்டியோடு நின்றது அப்பா.

"என்னங்க இது? சூடு வெச்சவ நானாச்சே!"

"மெல்ல பேசு. நான்தான் மாத்தச் சொன்னேன். நாளைக்குக் குழாயடியில போய் நிக்கப்போறவ நீதானே?"

அதன்பிறகு தெருவில் முனிகிருஷ்ணனுக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. சில வருஷங்களில் அவர் போய்ச் சேர்ந்தார். சம்பத் வேறு கதைகளைப் படமாக எடுத்தான்.

"அந்த ஆளோட எப்படித்தான் குடும்பம் நடத்தினியோ!" என்று மரகதம் குழாயடியில் இன்றும் அங்கலாய்க்கிறாள். லட்சுமம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.