அதே தேநீர்த் தட்டு

இந்தச் சோபாவில் என்னை ஒருநாளும் உட்காரவிட்டதில்லை என்று நினைத்துக்கொள்கிறாள் வெர்னீஸ். மான்செஸ்டர் ஸ்டூடியோ விளக்கொளியில் அதே பழுப்புச் சோபா. பல வருடங்களுக்கு முன் இதே நகைச்சுவைத் தொடர் முதலில் வந்தபோது அவளுக்கு வேலைக்காரி வேடம்; தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போவாள். கறுப்புப் பெண்ணுக்கு அன்று கிடைத்த வேடம் அவ்வளவுதான். இப்போது தொடரைப் புதிதாக எடுக்கும்போது கதையில் அந்த வேலைக்காரிதான் வீட்டுக்குச் சொந்தக்காரி. அந்த வேடத்தில் நடிக்கும் இளம் கறுப்பு நடிகை டியோன், சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் வெள்ளைக்காரரிடம் கேட்கிறாள்: "டீ எங்கய்யா? இலை பறிக்கப் போயிருந்தியா?" பார்வையாளர்களின் சிரிப்பில் கூரை அதிர்கிறது. முதல் வரிசையில் விருந்தினராக உட்கார்ந்திருக்கும் வெர்னீஸின் முதுகு தானாக நிமிர்கிறது. காட்சி முடிந்ததும் தயாரிப்பாளர் கேரத் பழைய தட்டோடு வந்து அவளருகே குந்துகிறான். "ஒரே ஒரு தடவை, வெர்னீஸ். இதை ஏந்திக்கிட்டு அந்தப் பழைய நடை நடந்து வாங்க. ஜனங்க எழுந்து நின்னு கைதட்டுவாங்க." மேடையிலிருந்து டியோன் எட்டிப் பார்க்கிறாள். வெர்னீஸ் தட்டின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, மெல்ல அவன் பக்கமே நகர்த்துகிறாள். "உன் கையிலயே நல்லாத்தான் இருக்கு, கண்ணு. எனக்கு டீயில சர்க்கரை ரெண்டு கரண்டி."