தண்ணீர் ஏறாத குழாய்

“வாத்தை வாட்டுறதுக்கு மட்டும் உனக்கு நெருப்பு வேணும். அது எங்களை வாட்டினா உனக்கென்ன, இல்லையா?”

கம் டீச்சர் நடுத்தெருவில் நின்று கேட்டார். அவருக்குப் பின்னால் எட்டு மாடிக் குடியிருப்பின் ஜனங்கள் கரி படிந்த முகங்களோடு நின்றார்கள். மூன்றாம் மாடி ஜன்னலில் இன்னும் புகை. ஏழாம் மாடி லோ தாத்தாவை மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸில் ஏற்றி அப்போதுதான் அனுப்பியிருந்தார்கள்.

வாத்துக்கடை மாக், கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

“டீச்சரம்மா, இருபது தடவை சொல்லிட்டேன். என் சுவருக்குள்ள அடுப்புப் புகைபோக்கி போகுது. துளை போட்டா கடையே உட்கார்ந்துடும்.”

“உட்காரட்டும். லோ தாத்தா எழுந்தாப் போதும்.”

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

ஷாம் ஷுய் போ வட்டாரத்தின் அந்தப் பழைய கட்டடத்தில், படிக்கட்டோரமாக மாடிக்கு மாடி சிவப்புக் குழாய் உண்டு. தீயணைப்பு வண்டியின் தண்ணீரை அதற்குள் ஏற்றும் வாய் மட்டும் தெருவில் இல்லை. அதை வைக்கச் சொல்லிச் சென்ற ஆண்டே தீயணைப்புத் துறையின் நோட்டீஸ் வந்தது. உரிமையாளர் சங்கத் தலைவியான டீச்சர் இடம் தேடினார். தெருவைப் பார்த்த வெறும் சுவர் மாக்கிடம் மட்டுமே இருந்தது. அவர் மறுத்துவிட்டார். இன்று வீரர்கள் துணிக்குழாயைத் தோளில் சுமந்து படியேற நேர்ந்தது.

தீயணைப்பு அதிகாரி யெங் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் டீச்சர் வழிமறித்தார்.

“சார், இந்த ஆளோட கடையை இன்னிக்கே பூட்டுங்க. அப்புறம் சுவரை நாங்க பாத்துக்கறோம்.”

மாக்கின் குரல் இறங்கியது. “இந்த வயசுல எந்த ஓட்டல்ல போய் நான் தட்டு கழுவுறது டீச்சரம்மா?”

“மாட்டி வெச்சிருக்கியே, அந்த வாத்துங்களைக் கேளு. அதுங்கதானே உனக்கு மனுஷங்க.”

யெங் எந்தப் பக்கமும் பேசவில்லை. நிலையத்திலிருந்து வந்த, கட்டடத்தின் பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல வாய் இருக்கே. படிக்கட்டு வாசலுக்கு இடது பக்கம்.”

“காகிதத்துல இருக்கும். சுவத்துல இல்ல.” என்றார் டீச்சர். “எனக்குத் தெரியாத செங்கல் இந்தக் கட்டடத்துல கிடையாது.”

யெங் வாசலுக்குப் போனார். கோடரியின் பின்புறத்தால் சலவைக்கல் சுவரைத் தட்டினார். இரண்டு இடத்தில் கெட்டியாக ஒலித்தது. மூன்றாவது இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பது போலக் கேட்டது.

ஓங்கி ஓர் அடி. கல் பெயர்ந்து விழுந்தது.

உள்ளே சிவப்பு இரும்பில் இரட்டை வாய். பித்தளை மூடிகள் பச்சை பூத்திருந்தன.

கொத்தனார் ஒருவர் என்றோ கேட்ட கேள்வி டீச்சருக்கு நினைவு வந்தது. அதற்குத் தாம் அளித்த பதிலும்.

“இதை மூடின பாவி யாரு?” கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். “சும்மா விடாதீங்க சார். லோ தாத்தாவுக்கு எதாச்சும் ஆனா அது கொலை.”

யெங் குனிந்து கல்லை எடுத்தார். புழுதியைக் கையால் துடைத்து, அதிலிருந்த பொன்னெழுத்துகளை உரக்கப் படித்தார்.

“முகப்பை அழகுபடுத்தியவர், சங்கத் தலைவி கம் சியூ லான்.”