மூன்றாவது மூக்கு

“முதலாளி மூக்கை இன்னும் கொஞ்சம் அராவுங்க” என்றாள் மனைவி. போர்டுக்காரர் அரத்தை எடுத்து, மர அச்சில் துருத்திக்கொண்டிருந்த மூக்கை நறநறவென்று தேய்த்தார்.

மெத்தைக் கடை போர்டு அது. முதலாளி முகம் புடைத்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். இரண்டு முறை செய்து அனுப்பி, இரண்டு முறையும் “அவர் மாதிரியே இல்ல” என்று திரும்பி வந்துவிட்டது. இதுவும் சொதப்பினால் எட்டுக் கிளைகளின் போர்டும் கைநழுவிப் போகும். மிச்சமிருப்பதோ ஒரே ஒரு பிளாஸ்டிக் ஷீட்.

நல்லவேளை, மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. “மெத்தைக் கடையிலேருந்து வர்றேன். போர்டு ஆயிடுச்சா?” என்றபடி இறங்கியவரைப் பார்த்ததும் இருவருக்கும் உயிர் வந்தது. இனிமேல் போனில் வந்த மங்கல் போட்டோவைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?

“உக்காருங்க முதலாளி, ஒரு மணி நேரத்துல முடிச்சிடறோம்.” நாற்காலி போட்டார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். போர்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து மர அச்சை மறுபடி அராவினார்.

மனைவி கண்ணாடித் தடுப்பு வழியாக எட்டி எட்டிப் பார்த்துக் கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தினாள். “போட்டோவுல தலை வெள்ளையா இருக்குங்க. இங்க கருகருன்னு இருக்கு.”

“டை அடிச்சிருப்பார். நீயும் அடிச்சு விடு.”

“மீசையும் சின்னதா இருக்கே?”

“வெட்டிட்டார்போல. உனக்கென்ன, நீயும் வெட்டு.”

ஷீட் அச்சாகி வந்தது. அச்சின் மேல் இழுபடும்போது விரியும் என்பதால் முகத்தை நெருக்கித்தான் அடிக்க வேண்டும். உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார். “என்னங்க இது, கதவிடுக்குல மாட்டி நசுங்கின மூஞ்சி மாதிரி இருக்கு?”

“கொஞ்சம் பொறுங்க முதலாளி.”

ஹீட்டரில் ஷீட் துவண்டது. அச்சு மேலே ஏற, பம்பு காற்றை உறிஞ்ச, சர்ரென்று முகம் புடைத்து எழுந்தது. மனைவி போர்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். அச்சு அசல் அவரேதான்.

அவர் போர்டின் கன்னத்தைத் தொட்டார். தன் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

போர்டுக்காரர் மெல்லக் கேட்டார். “பிடிச்சிருக்கா முதலாளி? மத்ததையும் இப்படியே பண்ணிடலாமா?”

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எட்டும் இதே மாதிரி பண்ணுங்க. எங்க மாமனார் வந்து ‘என் மூஞ்சி எங்கே’ன்னு கேட்டா நான் பாத்துக்கறேன்.”