என்னென்ன ஓடணும்

"கரண்ட் போனா வீட்ல என்னென்ன ஓடணும் சார்?"

ஜெனரேட்டர் கடைக்காரர் பேனாவைத் திறந்தார். அதை எல்லாம் கூட்டித்தான் எந்த அளவு என்று சொல்வாராம்.

மங்கை ஒரு எண்ணை எழுதியே கொண்டுவந்திருந்தாள். முந்நூற்றைம்பது வாட். காலையில் கீழ் ரூமில் அப்பாவின் ஆக்சிஜன் மிஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்து எழுதியது.

அண்ணனே சொல்லட்டும் என்று இருந்தாள். அவன் வீட்டில்தானே அப்பா இருக்கிறார். புயல் வருது, அப்பாவுக்காக ஜெனரேட்டர் வாங்கப்போறேன் என்று கடலூர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் அவன்தானே.

"மாடி பெட்ரூம் ஏசி" என்றான் அண்ணன்.

கடைக்காரர் எழுதினார்.

"ஃப்ரிட்ஜ். தண்ணி மோட்டார். டிவி. ஃபேன் ஒரு ஏழு போட்டுக்குங்க."

நிறுத்தினான். தாடையைத் தடவினான். பெரிய யோசனை.

இப்போது வரும் என்று பார்த்தாள்.

"ஆங், மீன் தொட்டி. அதுல காத்து விடற மோட்டார் ஒண்ணு இருக்கு. அது நின்னா மீனெல்லாம் செத்துடும்."



  இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

"அப்பா மிஷினைச் சொல்லலையே அண்ணே."

"அட, ஆமால்ல."

சிரித்தான் வேறு.

கடைக்காரர் அதையும் எழுதிக் கூட்டினார். உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் பார்த்து வைத்த மாடல் இவ்வளவையும் தாங்காது. அதற்கு மேல் பெரியது எல்லாம் புயல் சேதி வந்த அன்றே போய்விட்டது. இதையே எடுப்பதானால் ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும்.

அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்தான். ஏசியைப் பார்த்தான். ஃப்ரிட்ஜைப் பார்த்தான்.

"அப்பாவுக்குத்தான் சிலிண்டர் இருக்கே."

இருக்கிறது. ஒரே ஒரு சிலிண்டர். பத்து மணி நேரம் வரும். போன புயலுக்கு ஆறு நாள் கரண்ட் இல்லை. அவனுக்குத் தெரியாததா?

சீ, என்ன ஜென்மம் இது.

சண்டை போடலாம். சீட்டில் ஏசியை அடிக்கச் சொல்லலாம். அடித்தும் விடுவான். நாளைக்கு இவள் இல்லாத நேரத்தில் எந்த பிளக்கைப் பிடுங்கி எதைச் சொருகுவான் என்று யார் கண்டது?

கடை மூலையில் சின்னதாக ஒன்று இருந்தது. ஒரு ஆளே தூக்கிவிடலாம்.

"இது அந்த மிஷினை மட்டும் இழுக்குமா?"

"தாராளமா இழுக்கும்மா. கூட ஒரு ஃபேனும் போட்டுக்கலாம். வீட்டுக்குள்ள மட்டும் வெச்சுடாதீங்க, புகை ஆளையே கொன்னுடும். வெளியில, திறந்த இடமா பாருங்க."

துவைக்கிற கல் பக்கத்தில் இடம் உண்டு. நீள ஒயராக வாங்கிக்கொண்டால் போதும்.

"இதையே குடுங்க. செம்மண்டலத்துக்கு அனுப்பணும். பின் போர்ஷன்."

"உன் வீட்டுக்கா மங்கை?" என்றான் அண்ணன்.

"ஆமா. சாயந்திரம் வந்து அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. சும்மா பேச்சுக்காவது. ஒற்றை அறையில் அப்பாவுக்கு எங்கே கட்டில் போடுவாய் என்று கேட்டால்கூடப் போதும்.

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான். அண்ணிக்கு.

"சாரு, கீழ் ரூம் காலியாகுது" என்றான்.

குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.