நல்ல தண்ணி

அறுநூற்று எழுபது ரூபாய் கடன் வைத்திருந்தாள் கொளஞ்சியம்மாள், கேன் தண்ணீர் போடும் பாரியிடம். தெருவுக்கு ஆற்றுக் குழாய் வந்தால்தான் விடிவு என்று, பீங்கான் சூளை வேலையைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு ஓடிவந்தாள்.

அரசு எடுத்த குடிநீர், காற்று ஆய்வைச் சரிபார்த்த விஞ்ஞானி ஊரார் முன்னால் சொன்னார்: "சூளைப் புகை அதிகம்தான். ஆனால் உங்கள் போர் தண்ணீர் அருமை. புதுக் குழாய் தேவையில்லை."

"அந்த உப்புத் தண்ணியா அருமை? எந்த வூட்டுல புடிச்சீங்க?" கூட்டம் கத்தியது.

"கொளஞ்சியம்மாள் வீட்டில்."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

பக்கத்தில் நின்ற பாரி அவள் காதருகே குனிந்தான். "வூடு தேடி வந்து சோதனைக்குன்னு பாட்டில நீட்டுனவங்களுக்கு உப்புத் தண்ணியா குடுக்கறதுன்னு, என் கேன்லேர்ந்து ஊத்திக் குடுத்தியேக்கா! பாத்துக்கிட்டுதான இருந்தேன். வாயத் தொறக்காத. பழைய பாக்கி தள்ளுபடி. நாளைக்கு எத்தினி கேன் போடட்டும்?"