நாலாவது கால்

வில்லியனூரில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் ராஜாமணி வேலை செய்கிறாள். அவள் கணவன் தங்கராசு அங்கேதான் தச்சனாக இருந்தான். கால் ஆடும் நாற்காலி வந்தால் அந்தக் காலை உருவி, அவளுடைய புடவையில் ஒரு விரல் அகலம் கிழித்துச் சுற்றி, பசை தடவி மறுபடி துளையில் இறக்குவான். "உன் பொடவ சுத்துனா ஜென்மத்துக்கும் ஆடாதுடி" என்பான். அவன் இறந்து மூன்று வருஷமாகிறது.

திங்கட்கிழமை இங்கிலாந்திலிருந்து ஓக் மர நாற்காலி ஒன்று வந்தது. அடியில் செய்தவர் பெயரும் 1874 என்ற வருஷமும் செதுக்கியிருந்தது. மூன்று கால்கள் தட்டியதுமே கழன்றன. நாலாவதைச் சுடுதண்ணீர் ஊற்றித்தான் உருவ முடிந்தது. அதன் நுனியில் துணி சுற்றியிருந்தது. நீலத்தில் மஞ்சள் புள்ளி.

ராஜாமணி குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். அதே நீலம், அதே மஞ்சள் புள்ளி. இந்தப் பொங்கலுக்கு எடுத்தது. காலையில் கட்டும்போது முழுசாக இருந்த முந்தானை ஓரத்தில் ஒரு விரல் அகலம் இல்லை.

"இன்னா ராஜாமணி, பழைய துணியா? தூக்கிப் போட்டுட்டு வேற சுத்து" என்றார் முதலாளி.

அவள் அதையே இறுக்கிச் சுற்றி, பசை தடவினாள்.

"இருக்கட்டும்ண்ணா. புதுப் பொடவ அவருக்குப் புடிச்சிருக்கு."